தலைமைக்கும் நிர்வாகத்துக்கும் என்ன வித்தியாசம்? மேனேஜர் என்றால் மட்டமா?

"நல்ல மேனேஜராக இருந்தால் போதாதா, லீடராகவும் இருக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக டீம் லீடர் ஆகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வண்டி மேல் உட்கார்ந்து விரட்டுகிறவர் பாஸ், முன்னால் நின்று கயிறு இழுக்கிறவர் லீடர் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுமே, அதையும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாது. வண்டிக்கு அச்சாணி போட்டவன் அதில் எங்கேயும் இல்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். சில வருடங்களுக்கு முன் 5,000 டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்கு பையரின் ஆள் வந்தார். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5 கணக்குப்படி அந்த அளவு ஆர்டரில் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை 10 வரை பாஸ், 11 என்றால் பெயில். எங்களுக்கு 13. எல்லாமே உயரம் குறைவு.

காரணம் எனக்குத் தெரியும். பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்து, வெட்டும் முன் ஒரு நாளாவது ஆறப் போட வேண்டும். இழுபட்டுச் சுற்றிய துணி அப்போதுதான் சுருங்கித் தன் அளவுக்கு வரும். தேதி நெருங்கிவிட்டதால், கடைசியாக வந்த ரோல்களை உடனே வெட்டச் சொன்னது நான்தான். "துணி இன்னும் ஆறலீங்க தம்பி" என்றார் கட்டிங் மாஸ்டர். பிளானில் இடமில்லை என்றேன்.

பெயில் ஆன அன்று சனிக்கிழமை, சம்பள நாள். செக்கிங் அக்காக்கள் பையை எடுத்துவிட்டார்கள். ராத்திரி இருந்து பீஸை மறுபடி அளந்து கொடுத்தால் இரட்டைச் சம்பளம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. அப்புறம் மாஸ்டர் வந்தார். "வெட்டுனது நாந்தானுங்க, தப்பு என்னுது. நான் அளக்க உக்கார்றேன், முடியறவங்க இருங்க" என்று சொல்லிவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். 15 பேர் இருந்துவிட்டார்கள். முதலாளி கேட்டபோதும் அவர் அதையேதான் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

1979-ல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது, பத்திரிகையாளர்கள் முன் சதீஷ் தவான் பொறுப்பேற்றுக்கொண்டதைக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தவானாவது இஸ்ரோவின் தலைவர். மாஸ்டருக்கு என்ன தலையெழுத்து?

சரி, திட்டப் போகிறவர்கள் இதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். எந்த லேயில், அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக விரித்த எந்தத் துணி அடுக்கில், வெட்டிய பீஸ் எந்தப் பெட்டிக்குப் போனது என்று நான் ஒரு நோட்டு போட்டு வைத்திருந்தேன். "வேலை இல்லாத வேலை" என்று லைனில் எல்லோரும் சிரித்த நோட்டு அது. அதைப் பார்த்துத்தான் 30 பெட்டியை மட்டும் பிரித்தோம். இல்லாவிட்டால் 125 பெட்டியையும் கொட்டி அளந்திருக்க வேண்டும், அதற்குள் கப்பல் போயிருக்கும். எதை அளப்பது என்று என் நோட்டு சொன்னது. அளக்க ஆள் உட்கார்ந்தது மாஸ்டருக்காக. நீங்கள் கேட்ட வித்தியாசம் எனக்குத் தெரிந்த வரையில் இவ்வளவுதான். நான் சின்ன ஆள், பெரிய கம்பெனிகளில் வேறு மாதிரி இருக்கலாம்.

இதற்கெல்லாம் டிரெய்னிங் வேறு நடத்துகிறார்கள். போன வருடம் எங்களைக் கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், சிங்கம், ஆட்டு மந்தை என்று நாள் முழுக்க படம் காட்டினார்கள். பேப்பர் கப்பில் கோபுரம் கட்டச் சொன்னார்கள். அந்தக் காசில் செக்கிங் டேபிளுக்கு மேல் ஓடாமல் தொங்கும் 2 ஃபேனை மாற்றியிருக்கலாம், கேட்டால் பட்ஜெட் இல்லை என்பார்கள். மாஸ்டரை அதற்குக் கூப்பிடவே இல்லை. அவர் ஸ்டாஃப் லிஸ்டில் வர மாட்டாராம்.