2147483647: கேள்வி பதில்

கே: சார், இது பகா எண்தான் என்று எப்படி நிறுவினார்கள்? அப்போது கம்ப்யூட்டர் ஏது?

ப: 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் இந்த எண் வரும். பகா எண் என்று 1772-இல் காட்டியவர் கணித மேதை ஆய்லர், பார்வை ஏறக்குறைய முழுசாகப் போன நிலையில். வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டும். அதுவரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுக்கத் தேவையில்லை. இதற்குப் பகாக் காரணி இருந்தால், 62-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும்; 8-ஆல் வகுக்க 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க 1 அல்லது 63. இந்தச் சல்லடையில் முதலில் நிற்பது 311. போட்டுப் பாருங்கள்: 311 × 6905092 = 2147483612. மீதி 35. அடுத்தது 1303. இப்படி எண்பதைச் சுற்றித்தான் தேறும். பொறுமை இருந்தால் நீங்களே முடித்துவிடலாம்.

கே: 31 பகா எண், அதனால் இதுவும் பகா எண். அவ்வளவுதானே?

ப: இல்லவே இல்லை. 11 பகா எண். 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று போனால் 2047, அதாவது 23 × 89.

கே: கூட்டுத்தொகை 46, அதைக் கூட்டினால் 10, கடைசியில் 1. வண்டி நம்பருக்கு ராசியா?

ப: ஜோசியரைக் கேளுங்கள்.

கே: 2038 பிரச்சினை இதனால்தானா?

ப: ஆமாம். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் பழைய 32 பிட் கடிகாரம் கொள்ளும் உச்ச எண் இது. நம்ம நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்கு நிரம்பிவிடும்.

கே: இது பகா எண் என்று மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-லேயே சொல்லிவிட்டாரே! ஆய்லருக்கு எதற்கு மாலை?

கே: அதானே. முதலில் சொன்னவருக்குத்தான் பெருமை.

ப: 2-இன் எந்தெந்த அடுக்கில் ஒன்று குறைத்தால் பகா எண் வரும் என்று மெர்சென் போட்ட பட்டியலை ரெண்டு பேரும் முழுசாகப் பார்த்தீர்களா? 31-ஐச் சேர்த்தார், சரி. கூடவே 67, 257-ஐயும் சேர்த்தார்; இரண்டும் தப்பு. 61, 89, 107-ஐ விட்டுவிட்டார். 67-க்கு உரிய எண்ணை 1903-இல் கோல் என்ற கணிதர் காரணிகளாக உடைத்தார்: 193707721 × 761838257287. குறி சொல்வது வேறு, நிறுவுவது வேறு.

கே: ஆனாலும் 31 சரியாக வந்ததே?

ப: வந்தது. அது சரி என்று நமக்குத் தெரிவது யாரால்?

கே: ஐயா, அடுக்கு பகா எண்ணாக இருந்தால்...

ப: மேலே 2047.

கே: நிறைவெண்ணோடு இதற்கு என்ன தொடர்பு?

ப: 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்குங்கள்: 2305843008139952128. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் இதுவே திரும்ப வரும்; அதுதான் நிறைவெண்.

கே: 2-இன் அடுக்கில் ஒன்று குறைத்து வரும் பகா எண்தானே மெர்சென் பகா எண்? 31 அப்படி, இதுவும் அப்படியே. இதையே அடுக்காக வைத்தால் அடுத்ததும் பகா எண்தானே?

ப: 2047-ஐ யாருமே படிப்பதில்லை போலிருக்கிறது! அந்த எண்ணுக்கு 64 கோடிக்கு மேல் இலக்கங்கள். ஆனாலும் 295257526626031 அதை மீதியின்றி வகுக்கும்.