காணிக்கைப் பையும் ஓட்டுப் பெட்டியும்

போன இதழில் தேர்தல் நேரத்துக் கிறிஸ்தவ சபைகளைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டுகளை எடுத்து வைத்துவிட்டேன். கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேத சாஸ்திரம் படித்தவனில்லை. 31 வருஷம் வரலாற்று வாத்தியார், 12 வருஷம் சேகரக் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) மெம்பர், அவ்வளவுதான்.

கேள்வி: ஆராதனை முடிந்ததும் எங்கள் ஐயர் ஒரு வேட்பாளரைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி ஜெபித்தார். பிறகு, "இவருக்குப் போடாதவர்கள் ஆண்டவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார். இது சரியா?
*(வாசகி; ஊர் பெயர் போட வேண்டாம் என்கிறார்)*

மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: தெற்குச் சீமையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

கோயிலுக்கு வந்தவருக்காக ஜெபிப்பதில் தப்பில்லை. யார் வந்து தலை குனிந்தாலும் ஜெபிக்கலாம். இரண்டாவதாகச் சொன்னாரே, அங்கேதான் வில்லங்கம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123-ஐ உங்கள் ஐயர் படித்திருக்க மாட்டார். இன்னாருக்கு ஓட்டுப் போட்டால், அல்லது போடாவிட்டால், தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பது முறைகேடான செல்வாக்கு என்று அதில் எழுதியிருக்கிறது. வேட்பாளரின் சம்மதத்தோடு அது நடந்ததாக நிரூபித்தால் அவர் ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகலாம். பக்கத்திலேயே கை கட்டி நின்றவர், எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? வழிபாட்டு இடத்தைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1988-ல் தனிச் சட்டமே வந்தது. ஐந்து வருஷம் வரை சிறை என்கிறது அது. கோயில், மசூதி, சர்ச் எல்லாவற்றுக்கும் பொது.

சட்டம் கிடக்கட்டும். ஐயருக்கு அந்த வேட்பாளர் மேல் ஏன் அவ்வளவு பாசம்? விசாரித்துப் பாருங்கள். அநேகமாக ஒரு காம்பவுண்டுச் சுவர் இருக்கும், அல்லது பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகுப்பறை. நான் கமிட்டியில் இருந்தபோது எங்களுக்கு இருந்தது கல்லறைத் தோட்டத்துப் பாதை. மழைக்காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, முழங்கால் வரை சேறு. போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். நாங்களும் அறிவிப்பு நேரத்தில் அவரைப் பேசவிட்டோம். ஜெயித்தார். பாதை வரவில்லை. அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "உங்க சபை ஓட்டு எனக்கு இல்லன்னு தெரியும், சும்மா ஒரு மரியாதைக்கு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூத்து என்னவென்றால், போன முறையே சபையில் பாதிப் பேர் அவருக்குத்தான் போட்டிருந்தார்கள்.

கேள்வி: கிறிஸ்தவ ஓட்டு என்று ஒன்று உண்டா, இல்லை பத்திரிகைக்காரர்கள் கட்டிவிட்டதா?
*(வாசகர், மதுரை)*

1969 ஜனவரியில் நான் பொங்கல் லீவுக்கு நாகர்கோவிலில் தாத்தா வீட்டில் இருந்தேன். அந்தத் தொகுதி எம்.பி. மார்ஷல் நேசமணி இறந்ததால் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்து முடிந்திருந்த நேரம். 1967-ல் விருதுநகரில் தோற்ற காமராஜர் அங்கே நின்றார். எதிரே டாக்டர் மத்தியாஸ், சுதந்திராக் கட்சி, தி.மு.க. ஆதரவு. கிறிஸ்தவர்கள் அவ்வளவு பேர் இருக்கிற தொகுதியில் கிறிஸ்தவரை நிறுத்தினால் போதும் என்று கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். காமராஜர் ஒரு லட்சத்து 28 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தாத்தா சபையில் மூப்பர். ஓய்வுநாளில் பத்திரிகைகூடத் தொடமாட்டார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "பள்ளிக்கூடம் திறந்தவனுக்கு" என்றார்.

சாதி கிடையாது என்று சொல்ல வரவில்லை. காமராஜரும் நாடார், ஊரில் பாதியும் நாடார். ஆனால் மதம் மட்டும் ஓட்டைத் தீர்மானிக்கும் என்று நினைப்பவர்கள் அந்தத் தேர்தலை எடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: பைபிளில் ரோமர் 13-ம் அதிகாரம் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. சபைக்கு எதற்கு அரசியல்? ஜெபித்தால் போதாதா?
*(வாசகர், கோவை)*

மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு சொல்கிறாரே என்று நான் எடுத்துவிடலாம். நீங்கள் இன்னொன்று எடுப்பீர்கள். விடிந்துவிடும். அதைவிட இரண்டு கதை சொல்கிறேன்.

முதல் கதை பக்கத்து வீட்டுக் கதை. 1957-ல் கேரளத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் ஆட்சிக்கு வந்தார். கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி, அவரே கத்தோலிக்கக் குடும்பம். தனியார் பள்ளி நியமனங்களுக்குக் கட்டுப்பாடு வைத்து ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆசிரியருக்குச் சம்பளத்தை அரசே நேரடியாகக் கொடுக்கும் என்பதும் அதில் இருந்தது. நான் வாத்தியார், அந்த வரி என் கண்ணில் படாமல் போகுமா? பள்ளிகளில் பெரும்பங்கு திருச்சபைகள் கையில் இருந்தன. ஆயர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். மன்னத்து பத்மநாபனின் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் முஸ்லிம் லீக்கும் காங்கிரஸும் சேர்ந்துகொண்டன. விமோசன சமரம், அதாவது விடுதலைப் போராட்டம் என்று பெயர். 1959 ஜூன் 13-ல் அங்கமாலியில் போலீஸ் சுட்டதில் ஏழு பேர் செத்தார்கள். ஜூலை 31-ல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. சபைகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மசோதாவின் சில பிரிவுகள் சிறுபான்மையினர் உரிமைக்கு ஒத்துவராது என்று 1958-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

இரண்டாவது கதை மத்திய அமெரிக்காவில் இருக்கிற எல் சால்வடோர். ஆஸ்கர் ரொமேரோ 1977-ல் பேராயரானபோது பணக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். புத்தகமும் ஜெபமுமாக இருக்கிற ஆள், வம்புக்குப் போகமாட்டார் என்று. சில வாரத்தில், ஏழை விவசாயிகளோடு வேலை செய்த அவருடைய நண்பர் ருத்திலியோ கிராந்தே என்ற குருவைச் சுட்டுக் கொன்றார்கள். அதோடு மனிதர் மாறிப்போனார். ஞாயிறு பிரசங்கம் ரேடியோவில் போகும். அந்த வாரம் யாரைக் கொன்றார்கள், யாரைக் காணவில்லை என்று பேர் சொல்லி வாசிப்பார். செத்தவர் பேரைச் செய்தித்தாள் போடாத நாட்டில் சர்ச் ரேடியோ போட்டது. 1980 மார்ச் 23-ம் தேதி, ஜனங்களைக் கொல்லச் சொல்லும் கட்டளைக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று சிப்பாய்களைப் பார்த்துச் சொன்னார். ரோமர் 13-ஐ அவரும் படித்தவர்தான். மறுநாள் சாயங்காலம் ஓர் ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் பூசை வைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சில் குண்டு. 2018-ல் ரோம் அவரைப் புனிதர் என்றது.

இரண்டுமே அரசியல்தான். ஓரிடத்தில் சபை தன் பள்ளிக்கூடத்துக்காகப் பேசியது, இன்னோரிடத்தில் தனக்கு ஒரு லாபமும் இல்லாத ஜனங்களுக்காக. எங்கள் மேடையில் யாராவது மைக் பிடித்தால் நான் இதைத்தான் கவனிப்பேன்: இவர் யாருக்காகப் பேசுகிறார்? ஆனால் ஒன்று, முதல் வகைப் பேச்சுக்குத்தான் எப்போதும் கூட்டம் சேருகிறது.

கேள்வி: பாதிரியார்கள் தேர்தலில் நிற்கலாமா?
*(வாசகி, திண்டுக்கல்)*

இந்தியச் சட்டம் தடுக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. ஆட்சி அதிகாரத்தில் பங்குள்ள பதவியைக் குருக்கள் ஏற்கக் கூடாது. ராபர்ட் டிரைனன் என்ற இயேசு சபைக் குரு அமெரிக்க காங்கிரஸில் பத்து வருஷம் உறுப்பினராக இருந்தார். 1980-ல் போப் போதும் என்றார், மறுபடி நிற்கவில்லை. விசுவாசிகள் நிற்பது வேறு விஷயம். நேசமணி வக்கீலாக நின்றார். இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகம், தந்தை செல்வா என்பார்களே, அவர் புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவர், குரு இல்லை. இந்துக்கள் பெரும்பான்மையான காங்கேசன்துறை மக்கள் திரும்பத் திரும்ப அவரை அனுப்பினார்கள். சபையின் ஆள் என்று அவர் வந்து நிற்கவில்லையே.

கேள்வி: தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. அந்தஸ்து கேட்டு சபைகள் ஏன் இன்னும் சத்தமாகப் பேசவில்லை?
*(வாசகர், செங்கல்பட்டு)*

பேசுகிறோம். 1950 ஆகஸ்ட் 10-ம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ம் தேதியும் கறுப்பு நாள் என்று கொடி பிடிக்கிறோம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது.

இதில் என் மனசைவிட்டுப் போகாதவர் சூசை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர், ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். தெருவோரம் தைக்கிற தொழிலாளருக்கு இலவசப் பெட்டிக்கடை கொடுக்கும் திட்டம் வந்தது. இந்துவாக இருந்தவர்களுக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் காட்டவில்லை என்று 1985-ல் தள்ளுபடி செய்தார்கள்.

ஆதாரமா? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கத்தோலிக்கரைப் பிரித்துக் கட்டிய சுவர் இருந்ததே. அதை இடிக்கச் சொல்லி எத்தனை போராட்டம்! வெளியே காட்ட வேண்டிய ஆதாரம் நம் காம்பவுண்டுக்குள்ளேயே இருப்பதால்தான் நம் குரல் கொஞ்சம் கம்முகிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் கமிட்டியில் ஒரு வருஷம் இந்தக் கோரிக்கை மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அதே கூட்டத்தில் அடுத்த பொருள், கீழத்தெருக்காரர்களையும் இனிமேல் கல்லறையில் வரிசைப்படியே அடக்கம் செய்வது. முக்கால் மணி நேரம் பேசி, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். மினிட்ஸ் புத்தகத்தில் அதற்குக் கீழேயும் என் கையெழுத்து இருக்கிறது.