யோக்யகர்த்தா: யாருடைய சுவடிகள்?

அன்புள்ள ஐயா,

குடும்பத்தோடு இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் உள்ள யோக்யகர்த்தா போய்வந்தோம். அங்கே பிரம்பானன் கோயிலில் ராமாயண நாட்டியம் பார்த்தபோது எனக்குக் கண்கலங்கிவிட்டது. சுல்தான் முஸ்லிம், ஆனால் அரண்மனையில் மகாபாரதத் தோல்பாவைக்கூத்து நடக்கிறது! இதெல்லாம் நம் சோழர்கள் கொடுத்துவிட்டு வந்ததுதானே? அடுத்தமுறை பக்கத்து நகரமான சோலோவின் அரண்மனையையும் பார்க்கலாமா, இரண்டும் ஒன்றுபோலத்தானா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

நீங்கள் கண்கலங்கியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியிலேயே சோழர்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்களே! ராஜேந்திரனின் கடற்படை 1025இல் போனது ஸ்ரீவிஜயத்துக்கு, அதாவது சுமத்ராவுக்கும் மலாய்க் கரைக்கும். பிரம்பானன் ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். கட்டியவர்கள் ஜாவாக்காரர்கள். முஸ்லிம் சுல்தான் எப்படி மகாபாரதம் பார்க்கிறார் என்பது அங்கே யாருக்கும் கேள்வியே இல்லை. நபிகள் பிறந்தநாளுக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் கமலான் என்ற வெண்கல வாத்தியங்களை வாசிக்கிறார்கள், தென்கடல் ராணி என்ற கடல்தேவதைக்கு அரண்மனையிலிருந்து காணிக்கை போகிறது. சரி, அதை விடுங்கள்.

இந்தியர்களின் தடம்தான் வேண்டுமென்றால் ஒன்று காட்டுகிறேன். 1812 ஜூன் 20 விடியற்காலையில், ஜாவாவை அப்போது ஆண்ட ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் அனுப்பிய படை யோக்யகர்த்தா அரண்மனை மதிலில் ஏறியது. அதில் வங்காளச் சிப்பாய்களும் இருந்தார்கள். சுல்தான் இரண்டாம் ஹமெங்குபுவோனோவைப் பிடித்துப் பினாங்குக்கு நாடுகடத்தினார்கள். கருவூலத்தைச் சூறையாடினார்கள், நூலகத்தையும் விடவில்லை. ஜாவாவில் அந்த நாளை இன்றும் சிப்பாய்களின் பெயரால்தான் சொல்கிறார்கள்.

அந்த நூலகச் சுவடிகளை எடுத்துக்கொண்டவர்கள் ராஃபிள்ஸ், அவருக்குக் கீழிருந்த அதிகாரி கிராஃபர்ட், அப்புறம் காலின் மெக்கன்சி. ஆம், நம்முடைய மெக்கன்சியேதான். சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அவர் திரட்டிய கைஃபீயத்துகளை, அதாவது ஊர் வரலாற்றுக் குறிப்புகளைப் படித்துத்தான் ஓர் ஊரின் வரலாற்றை எப்படிக் கேட்பது என்று நான் தெரிந்துகொண்டேன். அந்தக் கடன் எனக்கு உண்டு. ஆனால் நம் ஊர்க்கதைகளைக் காப்பாற்றிய மகான் என்று மேடைதோறும் பேசுகிறோமே, அவர் 1811இல் ஜாவாவுக்குப் படையோடு போன பொறியாளர் என்பதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? இங்கே ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கேட்டு எழுதி வாங்கியவருக்கு அங்கே சூறையாடிய அரண்மனையிலிருந்து அள்ளிக்கொள்ள மனம் வந்திருக்கிறது.

யோக்யகர்த்தா அரண்மனையில் ஒரு முதிய ஊழியர் எனக்கு ஒரு பிரதியைப் பிரித்துக் காட்டினார். வெறுங்கால், பாத்திக் துணித் தலைக்கட்டு, முதுகுப்புறம் இடுப்பில் செருகிய கிரிஸ் என்ற குறுவாள். முதல் இரண்டு பக்கங்களைச் சுற்றி நீலமும் பொன்னுமாகக் கொடிவேலை. ஓரத்தைக்கூட விரல்நுனியால்தான் தொட்டார். இது சூறைக்குப் பிறகு எழுதியது, முந்தையவை அநேகமாக எதுவும் இங்கே மிஞ்சவில்லை என்றார். அந்தப் பெரியவரிடம் போய் ‘இதெல்லாம் எங்கள் சோழர்கள் கொடுத்தது’ என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா கார்த்திக்?

2019இல் பிரிட்டிஷ் நூலகம் 75 சுவடிகளைப் படமெடுத்து, டிஜிட்டல் பிரதிகளைச் சுல்தானிடம் கொடுத்தது. மூலங்கள் லண்டனிலேயே இருக்கின்றன. படமாவது கிடைத்ததே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். மதிலேறி எடுத்ததை வாசல்வழியே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சோலோவுக்குப் போங்கள். இரண்டும் ஒன்றுபோல இல்லை, அவர்கள் பங்காளிகள். 1755இல் கியந்தி உடன்படிக்கையில் மாதாரம் அரசு இரண்டானது. அண்ணன் மகன் சோலோவில் இருந்தார், சித்தப்பா மங்குபூமி யோக்யகர்த்தாவில் சுல்தானானார்.