பழைய வரிப் பாக்கிக்காக ரீஃபண்டைப் பிடிக்க முடியுமா?

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றவன். வைப்புத்தொகை வட்டியில் வங்கி பிடித்த வரியில் ரூ.24,300 திரும்பக் கேட்டு, 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான (அதாவது 2024-25 நிதியாண்டு வருமானத்துக்கான) கணக்கைத் தாக்கல் செய்தேன். ஆனால், 2017-18 மதிப்பீட்டு ஆண்டுக்கு ரூ.14,870 நிலுவை இருப்பதாகவும், அதற்கு இந்த ரீஃபண்ட் ஈடு செய்யப்படும் என்றும், 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்றும் வருமான வரித் துறையிடமிருந்து மின்னஞ்சல் வந்துள்ளது. அந்த ஆண்டு பிப்ரவரி சம்பளத்தில் பெரும்பகுதியை வரியாகப் பிடித்தார்கள்; வரி பிடித்ததற்குப் பள்ளி தந்த சான்றான படிவம் 16 கையில் இருக்கிறது. மகனின் கல்விக் கடனிலும் தவணை பாக்கி உண்டு. அதற்கும் சேர்த்துப் பிடிப்பார்கள் என்கிறார் உறவினர். நான் என்ன செய்வது?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், குழித்துறை

பதில்: வருமான வரிச் சட்டம் 1961-இன் 245-ஆம் பிரிவு, ஒருவருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகையை அவர் செலுத்த வேண்டிய வரிப் பாக்கியில் ஈடு செய்துகொள்ளும் அதிகாரத்தைத் துறைக்கு அளிக்கிறது. ஆனால் அவ்வாறு செய்வதற்கு முன் எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ள நிபந்தனை. தங்களுக்கு வந்த மின்னஞ்சல் அந்த முன்னறிவிப்புதான். பணம் இன்னும் போய்விடவில்லை. கெடுவுக்குள் பதில் தராவிட்டால் மட்டும், தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொண்டு ஈடு செய்துவிடுவார்கள்.

எனவே முதல் வேலை, வருமான வரி இணையதளத்தில் ‘பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்’ பகுதிக்குள் சென்று, நிலுவைத் தொகைக்கு எதிரே ‘ஏற்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்து, காரணத்தை எழுதி, படிவம் 16-ஐ இணைப்பது. கணினி மையத்தில் கொடுத்துச் செய்வதாக இருந்தால் பக்கத்திலேயே அமர்ந்திருங்கள். அவசரத்தில் ‘நிலுவை சரியானது’ என்று அழுத்திவிட்டால், பிறகு அதே தளத்தில் அதை மறுக்க வழியில்லை.

இந்த நிலுவை எப்படி முளைத்தது என்பதை, தங்கள் பெயரில் பதிவான வரிப் பிடித்தங்களைப் பட்டியலிடும் படிவம் 26ஏஎஸ் காட்டிவிடும். பிப்ரவரியில் பிடித்த வரி அதில் பதிவாகியிருக்காது என்றே கருதுகிறேன். சம்பளம் வழங்கும் அலுவலர் காலாண்டு அறிக்கையில் பான் எண்ணைத் தவறாகக் குறிப்பிட்டிருந்தாலோ, தங்கள் பெயரை விட்டிருந்தாலோ, பெங்களூரில் உள்ள மையச் செயலாக்கக் கணினி அந்த வரி கட்டப்படவே இல்லை என்று கணக்கிட்டுவிடும். அறிக்கையைத் திருத்தித் தரும்படி பள்ளியைக் கேட்கலாமே என்று தோன்றும். ஆனால் திருத்த அறிக்கைக்கு ஆறு ஆண்டு வரம்பு விதிக்கப்பட்டு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால், தங்கள் விஷயத்தில் அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. 154-ஆம் பிரிவின்படி பிழை திருத்தம் கேட்பதற்கான நான்கு ஆண்டுக் காலமும் கடந்திருக்கும்.

இருந்தாலும் தங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம் 205-ஆம் பிரிவு. சம்பளத்திலிருந்து வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடித்த அளவுக்கு அந்த வரியைச் சம்பளக்காரரிடம் மீண்டும் கேட்கக் கூடாது என்று அது தெளிவாகவே தடை விதிக்கிறது. பிடித்தவர் அதை அரசுக் கணக்கில் சேர்த்தாரா, சரியாகப் பதிந்தாரா என்பது அவருக்கும் துறைக்கும் இடையிலான விவகாரம். ஆகவே இணையப் பதிலோடு நின்றுவிடாமல், படிவம் 16, பிப்ரவரி 2017 சம்பளப் பட்டியல் நகல், அம்மாத வங்கிக் கணக்குப் பக்கம் ஆகியவற்றுடன் 205-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, நாகர்கோவில் வருமான வரி அலுவலகத்தில் தங்கள் மதிப்பீட்டு அலுவலரிடம் மனு கொடுத்து, நகலில் முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட நேர்ந்தால், அந்த ஒப்புகைதான் முதலில் கேட்கப்படும். இந்தத் தொகைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்பது என் கருத்து.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். நிலுவைக்கு 220(2) பிரிவின்படி மாதம் 1 சதவீத வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். தவறாக ஈடு செய்த தொகையைத் துறை பின்னர் திருப்பித் தரும்போது கொடுக்கும் வட்டியோ மாதம் அரை சதவீதமே. 2024-இல் மத்திய அரசு சிறு நிலுவைகளைத் தள்ளுபடி செய்தது உண்மைதான் என்றாலும், அது 2015-16 மதிப்பீட்டு ஆண்டு வரையிலானவற்றுக்கு மட்டுமே; தங்களுடையது அதில் வராது.

கல்விக் கடன் பற்றிய அச்சம் வேண்டாம். 245-ஆம் பிரிவு வருமான வரிச் சட்டத்தின் கீழ் செலுத்த வேண்டிய தொகைக்கு மட்டுமே பொருந்தும். வங்கிக் கடன், நகராட்சி வீட்டு வரி, மின் கட்டணம் எதற்காகவும் ரீஃபண்டைத் துறை பிடிக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல்விக் கடனில் பெற்றோரும் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவது வழக்கம். கடன் தந்த அதே வங்கியின் கணக்கில் ரீஃபண்ட் வந்து விழுந்தால், தவணைப் பாக்கிக்கு வங்கி அதை எடுத்துக்கொள்ள முற்படலாம். தாங்கள் ரீஃபண்டுக்காகக் குறிப்பிட்டிருக்கும் கணக்கு எந்த வங்கியுடையது என்று இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.