ஹாம்பர்க் மேடையில் ஹாமண்ட் ஆர்கன் சுருதி இறங்குவது பற்றி

இன்னொரு மின்மாற்றி வாங்கிப் பயனில்லை, உங்களுக்கு வேண்டியது 60 ஹெர்ட்ஸ் தரும் அதிர்வெண் மாற்றி.

அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன பி-3 மாடல் ஹாமண்ட் ஆர்கனுக்கு 120 வோல்ட் சரியாக வந்தும் சுருதி இறங்குகிறது என்கிறீர்கள். மின்மாற்றி வோல்ட்டைத்தான் குறைக்கும், அமெரிக்காவின் 60-க்குப் பதில் ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் அப்படியே உள்ளே போகும். ஆர்கனுக்குள் சுரங்களை உண்டாக்கும் ஒலிச்சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார் அந்த அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும் என்பதால் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும், சுருதியும் கூடவே இறங்கும்.

எட்டடி என்று குறித்த டிராபாரை (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இழுப்புத் தண்டு) மட்டும் இழுத்து, 440 ஹெர்ட்ஸ் வரவேண்டிய ஏ கட்டையை அழுத்தி ட்யூனரில் பாருங்கள். 367 பக்கம் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம், அதிர்வெண் மாற்றியை வாடகைக்கு எடுக்கும்போது, ஆர்கனோடு இணைக்கும் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கரின் சுமையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நேரத்துக்குக் கிடைக்காவிட்டால் அங்கேயே 50 ஹெர்ட்ஸ் ஆர்கன் ஒன்றை எடுத்துவிடுங்கள், பாவம், கிதார்காரர்களைச் சுருதி இறக்கச் சொல்லாதீர்கள்.