குட்டி மேலே பாய்கிறது, திட்டினால் இன்னும் குரைக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் லேப்ரடார் குட்டிக்கு நான்கு மாதம். யார் உள்ளே வந்தாலும் மேலே பாய்கிறது. முழங்கால் வலியுள்ள என் மாமியார் ஒருமுறை தடுமாறி விழப் பார்த்தார். போனில் பேசினாலும் சாப்பிட உட்கார்ந்தாலும் எதிரே நின்று குரைக்கிறது. திட்டினாலும் தள்ளிவிட்டாலும் அதிகமாகத்தான் ஆகிறது. அடிக்க மனம் வரவில்லை. என்ன வழி? (கோவை வாசகி)

பதில்: அடிக்காமல் இருப்பது மிகச் சரி. அப்படியே இருங்கள். மூக்கில் தட்டுவது, பாயும்போது முழங்காலால் நெஞ்சில் இடிப்பது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். குட்டி உங்கள் கையைக் கண்டு பயப்படும், வேறொன்றும் கற்றுக்கொள்ளாது.

திட்டினால் அதிகமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதிலேயே இருக்கிறது. குட்டிக்கு வேண்டியது உங்கள் கவனம். தள்ளினால் கை கிடைக்கிறது, அதட்டினால் குரல் கிடைக்கிறது, முறைத்தால் கண் கிடைக்கிறது. அமைதியாக மூலையில் படுத்திருக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்புறம் அது ஏன் படுத்திருக்கப் போகிறது?

பாய்வது திமிர் அல்ல. குட்டிகள் பெரிய நாய்களின் வாயோரத்தை நக்கித்தான் வணக்கம் சொல்லும். நம் முகம் உயரத்தில் இருப்பதால் ஏறிப் பார்க்கிறது. இரண்டு மாதக் குட்டியாக இருந்தபோது இதே பாய்ச்சலுக்கு எல்லோரும் தூக்கிக் கொஞ்சியிருப்பீர்கள். அது மாறவில்லை, எடைதான் கூடிவிட்டது.

இனி பாய்ந்தால் ஒன்றும் பேசாமல், தொடாமல், முகத்தைத் திருப்பி நில்லுங்கள். நான்கு கால்களும் தரையில் பட்ட அந்த நொடியே குனிந்து தடவுங்கள், இல்லாவிட்டால் ஒரு சின்ன வேகவைத்த கோழித் துண்டைத் தரையோரமாகக் கொடுங்கள். கையை உயர்த்திக் கொடுத்தால் மறுபடியும் எம்பும். ஓரிரு நொடி தாமதித்தால்கூட எதற்குக் கிடைத்தது என்பது அதற்குப் புரியாது. அதனால் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வாசல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ‘உட்கார்’ என்று பழக்குங்கள். உட்கார்ந்தபடி பாய முடியாது. ஒரு தடவைக்கு மூன்று, நான்கு நிமிடம் போதும். அதற்கு மேல் குட்டியின் மனம் நிற்காது. ‘சிட்’ என்று சொல்வதானாலும் சரி, வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் முயற்சி கைவிடப்படுவது இதற்கடுத்த கட்டத்தில்தான். கண்டுகொள்ளாமல் இருக்க ஆரம்பித்த முதல் சில நாட்களில் குரைப்பு குறையாது, கூடும். இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று குட்டி இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. அந்தச் சத்தம் தாங்காமல் ஒருவர் ஒரு பிஸ்கட்டை எறிந்துவிட்டால், ‘இவ்வளவு நேரம் குரைத்தால் கிடைக்கும்’ என்பதுதான் பாடம். எப்போதும் கொடுப்பதைவிட எப்போதாவது கொடுப்பதுதான் பழக்கத்தை ஆழமாக ஊன்றும். என்றோ ஒருநாள் பரிசு விழுந்தவர் லாட்டரிச் சீட்டு வாங்குவதை விடாதது போல. ஆகவே தாத்தா முதல் பள்ளிப் பிள்ளை வரை வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள்.

மாமியாரை மட்டும் இந்தப் பயிற்சியில் நிறுத்த வேண்டாம். விழுந்தால் எலும்பு முறியும். அவர் நடமாடும் நேரத்தில் குட்டிக்கு லீஷ் போட்டு உங்கள் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது அறை வாசலில் ஒரு குட்டைத் தடுப்பு வையுங்கள். விருந்தாளிகள் வரும்போதும் இதேதான்.

ஆனால் எல்லாக் குரைப்பையும் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது. சிறுநீர் கழிக்க வேண்டும், தண்ணீர் தீர்ந்துவிட்டது, வாசலில் யாரோ நிற்கிறார்கள், தனியாக இருக்கப் பயம் என்று காரணங்கள் உண்டு. முதலில் அவற்றைப் பாருங்கள். உங்கள் கண்ணைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் குரைத்து, பதில் வருகிறதா என்று காத்திருந்தால் அது கவனம் கேட்கும் குரைப்பு. அதற்குக் குரைத்த பிறகு பதில் சொல்வதைவிட, குரைக்கும் முன்பே வேலை கொடுப்பது நல்லது. நீங்கள் சாப்பிட உட்காரும் முன் அதன் உலர் தீவனத்தில் ஒரு பங்கைப் பழைய டவலில் சுருட்டிக் கொடுங்கள். மோப்பம் பிடித்துப் பிரித்துத் தின்பதிலேயே நேரம் போகும். டவலையே கிழித்துத் தின்னாமல் ஒரு கண் வைத்திருங்கள். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைப்பதால் ஈறு நமைச்சலும் இருக்கும். குளிரவைத்த கேரட் நல்லது. வேகவைத்த எலும்பு வேண்டாம், சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும்.

தூக்கத்தையும் கவனியுங்கள். இந்த வயதில் ஒரு நாளில் ஏறக்குறைய 18 மணி நேரம் தூங்க வேண்டும். பிள்ளைகள் தூங்கவிடாமல் விளையாடிக்கொண்டே இருந்தால், மாலையில் குட்டி வெறி பிடித்ததுபோல் ஓடும், கடிக்கும், குரைக்கும். அப்போது அதற்குத் தேவை இன்னொரு பந்து விளையாட்டு அல்ல, விளக்கணைத்த அமைதியான மூலை. நடைக்கு அதிகாலையில் கூட்டிப் போங்கள். வெயிலேறிய தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும்.

குரைப்பு திடீரென்று மாறினாலோ, தீனி குறைந்தாலோ, தொட்டால் கத்தினாலோ அது பயிற்சி விஷயம் அல்ல, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்தில் போடும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்றும் பாருங்கள். பாயும்போது நகமோ பல்லோ பட்டுத் தோல் கீறினால், தடுப்பூசி போட்ட குட்டிதானே என்று விடாமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.