கடலூரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை ரொக்கத்துக்கு உடனே விற்கலாமா?

மஞ்சக்குப்பத்தில் மறைந்த அப்பாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது, முழுப் பணமும் ரொக்கமாகத் தர ஒருவர் தயார், விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விற்கலாம். ஆனால் நோட்டாக வாங்காதீர்கள். வீடு விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் விதிக்கலாம். அட்வான்ஸும் இதில் அடக்கம். டிடி அல்லது ஆர்டிஜிஎஸ் (வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது) கேளுங்கள். அவர் வங்கிக் கடனுக்குக் காத்திருக்கப் போவதில்லை, உங்களுக்கு வேண்டிய வேகம் அதிலேயே கிடைத்துவிடும்.

இழுபறி பெரும்பாலும் பத்திரங்களில்தான். உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், வெளியூரில் கட்டிக்கொடுத்த தங்கை உட்பட. வர முடியாதவர் தன் சார்பில் கையெழுத்துப் போட உங்களுக்குப் பதிவு செய்த பவர் (அதிகாரப் பத்திரம்) தரட்டும். தாய்ப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

புரோக்கருக்கு மட்டும் பவர் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சொற்ப அட்வான்ஸ் கொடுத்து, மீதிப் பணத்துக்கு ஆறு மாதம் கெடு வாங்கி, அதே வீட்டை வேறொருவரிடம் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவார்கள்; அதுவரை உங்கள் வீடு முடங்கிக் கிடக்கும். யார் வாங்கினாலும் மீதிப் பணத்துக்குக் கெடு 30 நாள் போதும்.

கடல் காற்றில் கூரைத் தளத்தின் அடிப்பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் விலையை அடித்துக் கேட்பார்கள். பூசி மறைக்க வேண்டாம், மனைக்கு மட்டும் விலை பேசுங்கள்.